ஓரத்து எண்கள்

பிலிம் கழுவும் டேங்கின் மூடியை அழுத்தி, நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, உள்ளே காற்றுக் குமிழ்கள் தங்கிவிடாதபடி அதன் அடியைத் தொட்டி விளிம்பில் இருமுறை தட்டிக் கீழே வைத்த பிறகுதான் செண்பகவல்லி மற்றப் பாட்டிலைப் பார்த்தாள். ஐஸ் வாளிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற அந்தப் பழுப்புப் பாட்டிலின் கழுத்திலும் ஒரே ஒரு ரப்பர் பேண்ட்தான் இருந்தது. ஒன்று. இப்போது ஊற்றிய பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்று. டெவலப்பருக்கு ஒன்று, ஃபிக்சருக்கு இரண்டு என்பது அவள் தனக்காக மட்டும் வகுத்துக்கொண்ட விதி. தாள் ஒட்டினால் ஐஸ் தண்ணீரில் ஊறி உரிந்துவிடுகிறது, மையால் எழுதினால் இரண்டு நாளில் அழிந்துவிடுகிறது, ரப்பர் பேண்ட் மட்டுமே இரண்டாண்டுகளாக அவளைக் கைவிடாமல் இருந்தது. முதலில் டெவலப்பர், அது பிலிமில் ஒளிந்திருக்கும் படத்தை வெளியே கொண்டு வரும். பிறகு ஃபிக்சர், அது வந்த படத்தை நிலைக்கச் செய்து, மற்றதையெல்லாம் கரைத்துவிடும். மாற்றி ஊற்றினால் கரைப்பதற்கு மட்டுமே வேலை இருக்கும். ஒன்று போனது எங்கே என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அரைமணி நேரத்திற்கு முன்பு முகம் கழுவ வேண்டும் என்று, இருட்டறையாக்கிய இந்தக் குளியலறைக்குள் வந்த மாணவி இசக்கியம்மாள், உள்ளே வரும்போது விரித்த கூந்தலோடு வந்தாள், வெளியே போகும்போது அதைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்து தெரியக் கட்டியிருப்பது அவளுக்கு அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தோமே, எதனால் கட்டினாள் என்று நினைக்கவில்லையே. துண்டு போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட கடிகாரத்தில் நொடி முள் முதல் சுற்றின் பாதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் கழுவ வேண்டும். காலடியில், சுருளில் ஏற்றுவதற்கு முன் ஐந்து பிலிம்களிலிருந்தும் வெட்டிய தலைப்புத் துண்டுகள் சுருண்டு கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துப் பாட்டிலின் மிச்சத்தில் தோய்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். டெவலப்பரானால் கறுத்துவிடும், ஃபிக்சரானால் வெளுத்துக் கண்ணாடியாகிவிடும். அவள் குனிந்தாள். விரல் நுனி பிலிம் துண்டைத் தொட்டது. தொட்ட கை அங்கேயே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்திருப்பார்கள். ஃபிக்சருக்குக் காடி போலப் புளித்த வாடை உண்டு, மூக்கில் ஏறும், டெவலப்பருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று புகைப்படப் பயிலரங்கு நடத்தும் தியோடர் சார் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். "இருட்டறையில கண்ணுக்கு வேலை இல்ல. மூக்குதான் கண்ணு," என்று அவர் சொன்னபோது எல்லாரும் வரிசையாக வந்து பாட்டிலை முகர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். அவளும் முகர்ந்தாள், அவளும் சுளித்தாள். எதையும் அறியாத மூக்கோடு எப்படிச் சுளிக்க வேண்டும் என்று மற்றவர் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஊரெல்லாம் முடங்கிக் கிடந்த ஆண்டில் வந்த காய்ச்சல் பதினோராம் நாள் போயிற்று. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. பாதிப் பேருக்குத் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. மல்லிகைப்பூ வெறும் ஈரமான பூவாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கிக் கரிந்து நாறும்வரை அருகிலேயே நின்றிருப்பாள், அம்மா உள்ளறையிலிருந்து, "ஏட்டி, பால் தீயுது, நீ எங்க நிக்க?" என்று கத்துவாள். அடுப்படியில்தான் நிற்கிறேன் என்று சொல்ல முடியாது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பல முறை நினைத்ததுண்டு. ஆனால் சொல்லத் தவறிய முதல் நாள் ஒன்று இருக்கிறதே, அதற்குப் பின் வரும் ஒவ்வொரு நாளும் அதன்மேல் ஒரு கல்லாக அடுக்கப்பட்டுவிடுகிறது. மூக்கில்லாதவளை இருட்டறையில் வைத்துக்கொள்வாரா அவர்? அதனால்தான் ரப்பர் பேண்ட். அதனால்தான் அது ஏன் என்று பயிலரங்கில் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இசக்கி எடுத்திருப்பாளா? மாட்டாள். ஆகவே இசக்கி எடுத்தது இசக்கியின் தவறல்ல என்பது வரைக்கும் நினைவு தெளிவாக வந்தது, வந்து அங்கே சிக்கிக்கொண்டது, பிறகு மறுபடியும் தொடக்கத்திற்கே போயிற்று. ஒன்று, ஒன்று. முள் பன்னிரண்டைத் தொட்டது. டேங்கை எடுத்து நான்கு முறை கவிழ்த்தாள். இரண்டு தட்டு. கை தானாகச் செய்தது. எந்தக் கலவரத்திலும் தன் கை ஒழுங்கைவிட்டு விலகாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. இப்போது அந்தப் பெருமை வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் அந்தக் கை செய்திருக்க வேண்டிய வேலை வேறு.

இது பன்னிரண்டாவது பயிலரங்கு. இரண்டாண்டுகளில் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் மூன்று நாள், பாளையங்கோட்டையில் மூடிப்போன தட்டச்சுப் பயிலகத்தின் இந்த மாடிக் கூடத்தில். அவள் செய்த வேலைக்கு உதவிப் பயிற்றுநர் என்று பெயர். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுவது, கேமராவைக் கழுத்தில் மாட்டத் தெரியாதவருக்கு மாட்டிவிடுவது, சார் சொல்லி முடித்ததும் புரியாமல் விழிப்பவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சார் சொன்னது இதுதான், லென்ஸ்ல இருக்கிற சாளரத்தை அகலமாத் திறந்தா வெளிச்சம் கூட வரும், ஆனா பின்னால நிக்கிற மரம் மங்கிரும், அவ்வளவுதான்," என்று இரண்டாம் முறை சொல்வது. இரண்டாம் முறை சொல்வதில் ஒரு கலை இருக்கிறது என்பதை அவளே கண்டுகொண்டாள். முதல்முறை சொல்பவர் பாடத்தைப் பார்த்துச் சொல்கிறார், இரண்டாம் முறை சொல்பவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். அதற்காகத்தான் விளம்பரம் வந்திருந்த அந்தக் கல்லூரி வேலை அவளுக்கு வேண்டும் என்று இருந்தது. புகைப்படப் பாடத்திற்குப் பயிற்றுநர், இரண்டாண்டு கற்பித்த அனுபவம், அதற்குச் சான்று, நாற்பது வயதிற்கு மேற்படாமல். அவளுக்கு முப்பத்தொன்பதும் நான்கு மாதமும். விண்ணப்பத்திற்கு நாளை கடைசி நாள். ஊரில் இருட்டறைப் பாடம் நடத்தும் வேறொருவர் இல்லை, ஆகவே சான்று தரவும் வேறொருவர் இல்லை. தியோடர் சாரோ கட்டைவிரல் அகல எழுத்தில் தம் கையாலேயே எழுதுவார், அச்சடிக்க மாட்டார், உதவியாளர் செய்த பிழை ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரு வரியில் எழுதிவிடுவார். அவளுக்கு முன்பிருந்த உதவியாளருக்கு, "கற்பிப்பதில் ஆர்வமுண்டு, கழுவும்போது நேரம் பார்ப்பதில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போயிருக்க முடியும்? படம் கயிற்றில் தொங்கின பிறகுதான் கையெழுத்து. அதுதான் இங்கே வழக்கம். ஆனால் இன்று அவர் பன்னிரண்டே முக்கால் ரயிலில் மதுரைக்குப் போகிறார், நாளை அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. வெளியே கதவருகே சிரிப்புச் சத்தம். மருந்துக்கடை வேலாயுதம் கதவைத் தட்டாமலே வாயை வைத்துக் கத்தினார். "யக்கா, என் பிலிமுல எங்க மாமியா நிக்காவ. அவங்கள மட்டும் கொஞ்சம் கம்மியாக் கழுவுங்க, ரொம்பத் தெளிவா வந்துரப்போறாவ!" பின்னால் யாரோ, "அண்ணாச்சி, மாமியா காதுல விழுந்துச்சுன்னா ஒங்களக் கழுவிருவாவ," என்றார்கள். செண்பகவல்லி சிரித்தாள். அவர்கள் கேட்கும்படியாகச் சிரித்தாள். மூன்று. கவிழ்த்தாள், நான்கு முறை.

மூன்றாவது நிமிடம் என்று அவள் உணர்ந்தது அப்போதுதான். போன ஆனியில், இரண்டாம் நாள் மாலையில், மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் சார் என்று அவளே கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஒரு நிமிடத்திற்குள் கண்டுபிடித்து உடனே கொட்டி, தண்ணீரில் அலசி, டெவலப்பரை ஊற்றிவிட்டால் பாதியாவது மிஞ்சும், மேகத்திற்குள் இருப்பதுபோல மங்கலாகவாவது மிஞ்சும், இரண்டு நிமிடம் தாண்டினால் கடவுளே வந்தாலும் ஒன்றுமில்லை என்று சொன்னார். கடவுளே என்று சொன்னதற்காகத் தம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்படியானால் இவள் குனிந்து நின்ற அந்த அரை நிமிடம்? மூக்கைப் பற்றியும் மல்லிகையைப் பற்றியும் அம்மாவின் பாலைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம்? ஃபிக்சராக இருந்திருந்தால் அந்த ஒரு நிமிடம்தான் எல்லாம். அதற்குள் தோய்த்துப் பார்த்திருந்தால், கொட்டியிருந்தால், பாதியாவது. தெரிந்துகொள்ள அஞ்சி நின்றவள் தெரிந்துகொள்வதற்கான பயனையே கைநழுவ விட்டாள். இனித் தோய்த்துப் பார்த்து என்ன? டெவலப்பராக இருந்தால் நல்லது, அப்போதும் ஒன்பது நிமிடம் ஆகத்தான் வேண்டும். ஃபிக்சராக இருந்தால் போனது போனதுதான். இப்படி நினைத்ததும் நெஞ்சில் ஓர் இளைப்பாறல் வந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை என்பது எத்தனை சுகமான எண்ணம்! அடுத்த கணமே அந்தச் சுகத்தைக் கண்டு அவளுக்கு உடல் கூசியது. செய்வதற்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தோய்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். தெரிந்தால், சார் ஆட்டோ ஏறுவதற்குள் சொல்ல வேண்டும். தோய்க்காவிட்டால் தெரியாது. தெரியாதவள் பொய் சொன்னவள் ஆகமாட்டாள். காலடியில் கிடந்த துண்டுகள் ஐந்தும் காய்ந்து இன்னும் கொஞ்சம் சுருண்டிருந்தன.

முன்பும் ஒருமுறை இப்படித் தெரியாதவளாக இருந்திருக்கிறாள். பத்தொன்பது வயதில், மேலப்பாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிலிம் ஏற்றிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணம். தாலி கட்டும்போது முதலாளி எடுத்தார், கேமரா ஓடுகிற சத்தமும் கேட்டது. ஆனால் அவள் ஏற்றிய பிலிம் கேமராவின் பற்சக்கரத்தில் மாட்டாமல் வழுக்கியிருந்தது, ஓடியது வெறும் உருளை. சாயங்காலம்தான் தெரிந்தது. முதலாளி அவளைத் திட்டவே இல்லை. பெண் வீட்டுக்குப் போய், "தாலி கட்டுறப்போ பொண்ணு கண்ண மூடிட்டு. அபசகுனமால்ல இருக்கு. இன்னொரு தரம் நின்னா எடுத்துரலாம்," என்றார். எல்லாரும் நம்பினார்கள். மூன்றாம் நாள், வாடிப்போன மாலையைப் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே கட்டிய தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை கட்டுவதுபோல நின்றான், பெண் கண்ணை மூடிவிடக் கூடாதே என்று விழித்துக்கொண்டு நின்றாள். அவள் விழி நிறைய நீர் நின்றது, இமைக்காததால் வந்த நீர். செண்பகவல்லி பக்கத்தில் வெளிச்சக்குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் ஆயுள் முழுவதும், நான் கண்ணை மூடியதால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ? ஒரு நல்லது கெட்டது நேரும்போதெல்லாம் நினைப்பாளோ? இருபது வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும் மணப்பெண்ணின் கண்ணை அவளால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை. நான்கு, கவிழ்த்தாயிற்று. இல்லை, ஐந்தா? ஐந்து.

ஐந்து சுருள்களில் எது இசக்கியுடையது என்று உள்ளே தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரியும், அடியிலிருந்து இரண்டாவது. இசக்கி அதை நீட்டியபோதே கறுப்புப் பெட்டியின்மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்தாள். மற்ற நால்வரும் பயிற்சிக்காக எடுத்தார்கள், மாமியார், தேர்முட்டி, ஆற்றில் குளிக்கும் எருமை, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துக்கொள்ளலாம். இசக்கி எடுத்தது நான்குவழிச் சாலைக்காக நேற்றுக் காலை இடிக்கப்பட்ட அவள் வீட்டை. பத்தரைக்கு இயந்திரம் வந்தது, அதற்குமுன் முப்பத்தாறு படம். கைப்பேசியில் எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, "அத வித்துட்டேன்க்கா," என்றாள், அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. தேநீர் நேரத்தில் கூடத்து ஜன்னலோரம் நின்று விவரித்துக்கொண்டே இருந்தாள். சுவரில் தம்பி கரியால் போட்ட கிரிக்கெட் ஸ்டம்ப், அப்பா ஆணியடித்து மாட்டிய பின் யாரும் கழற்றாத மூன்று வருடக் காலண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்று. "கடைசிப் படம் என்ன தெரியுமாக்கா? சாமானெல்லாம் ஏத்தியாச்சு. எங்கம்மா வெளிய வந்து கதவப் பூட்டுதா. இடிக்கப்போற வீட்ட எதுக்கும்மா பூட்டுதன்னு கேட்டேன். பழக்கம்ட்டீன்னா. பூட்டிட்டு ஒருக்கா இழுத்தும் பாத்தா, நல்லாப் பூட்டிருக்கான்னு. அப்பந்தான் அமுக்கினேன். முப்பத்தாறு." பிறகு, "வந்திருக்கும்லக்கா?" என்று கேட்டாள். வெளிச்சம் எங்கே இருந்தது, எந்த எண்ணில் வைத்திருந்தாய், கை ஆடியதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "வந்திருக்கும்," என்று சொன்னவள் செண்பகவல்லிதான். ஏழு வருடமாய் எந்த நாற்றமும் அறியாத அவளுடைய— இல்லை, ஏழு இல்லை, அத்தனை ஆகவில்லை, ஏன் ஏழு என்று தோன்றுகிறது, எல்லாமே இருந்ததைவிடப் பழையதாகத் தோன்றுகிறது. வந்திருக்கும் என்று எப்படி அத்தனை உறுதியாகச் சொன்னோம்? சொல்லும்போது அது உண்மையாக இருந்தது. இசக்கி எடுத்தது வந்துதான் இருந்தது, இன்று காலை பதினொன்றே முக்கால் வரைக்கும் அந்தச் சுருளுக்குள் அவள் அம்மா பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கதவில் இரண்டு தட்டு, பிறகு ஒன்று. அது தியோடர் சார். டேங்க் மூடியிருந்தால் கதவைத் திறக்கலாம், வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்றாலும், கழுவும்போது கதவைத் திறக்கச் சொல்லாதது அவருடைய மரியாதை. ஒரு சாண் மட்டும் அவளே திறந்தாள். வெளுத்த கண் ஒன்றும் சிவந்த கண் ஒன்றுமாக அவர் முகம் இடுக்கில் தெரிந்தது.

"எத்தனாவது நிமிஷம்?"

"ஆறு முடியப்போகுது சார்."

"மருந்து போன மாசத்துது. வாசனை மாறியிருக்கான்னு பாத்தியா?"

"மாறல சார்."

"ம். ஒன் மூக்கு எனக்குத் தெரியும்." கையிலிருந்த உறையை இடுக்கு வழியாக நீட்டினார். "படம் தொங்காம நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. இன்னைக்குப் போட்டுட்டேன். கூடத்துல நிக்கிற அந்த வேலாயுதத்துக்குத் தெரிஞ்சா இனிமே ஒரு பய என்ன மதிக்கமாட்டான். யாருட்டயும் சொல்லிராத, என்ன?"

"சொல்லமாட்டேன் சார்."

"எல்லாம் சரிதானே உள்ள?"

அவருடைய வெளுத்த கண் அவளை நோக்கியிருந்தது, ஆனால் அது எதையும் பார்க்கிற கண் அல்ல. மற்றது பார்த்தது, ஆனால் அது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த டேங்கைப் பார்த்தது, ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"சரிதான் சார். நீங்க பத்திரமாப் போய்ட்டு வாங்க. கண்ணு நல்லாயிரும்."

"நல்லானா ஒன் படத்தெல்லாம் மறுபடி பாத்துத் திட்டுவேன்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பினார். படியில் அவர் செருப்பு ஒவ்வொன்றாக இறங்கியது. பன்னிரண்டு படி. பத்தாவது படியில் ஓய்வெடுப்பார், எடுத்தார். அப்போது கூப்பிட்டிருக்கலாம். சார் என்றால் போதும், ஒரே சொல், அவர் நின்றுவிடுவார். வாயைத் திறக்கவும் செய்தாள். கையில் டேங்க், மறு கையில் உறை, முள் பன்னிரண்டைத் தொட்டுவிட்டது, கவிழ்க்க வேண்டும், கவிழ்ப்பதற்காக உறையைக் கக்கத்தில் இடுக்கினாள், நான்கு முறை, இரண்டு தட்டு. நிமிர்ந்தபோது கீழே ஆட்டோ உறுமிக் கிளம்பி, முக்கில் ஒலி எழுப்பித் திரும்பிப் போயிற்று. தெரியாமல்தானே சொன்னேன் என்று அவள் தனக்குள் சொன்னாள். தெரியாததைச் சரி என்று சொன்னாயே என்று உள்ளிருந்தே யாரோ கேட்டார்கள், வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கும் குரலில்.

எட்டு. ஒன்பது. மூடியின் வாயைத் திறந்து மருந்தைச் சாய்த்தாள், தண்ணீர் விட்டு அலசினாள், அலசியதைக் கொட்டினாள், வாளிக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினாள். இதற்கு ஐந்து நிமிடம். சிமெண்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். பச்சை மையில், வரிகள் வலப்புறம் சரிந்து, பார்வை போன கையெழுத்து. செண்பகவல்லி என்னும் இவர் பன்னிரண்டு பயிலரங்குகளில் என்னுடன் கற்பித்தார். நான் கற்பித்ததைவிட இவர் விளக்கியதையே மாணவர்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதை வருத்தமில்லாமல் எழுதுகிறேன். பிழை என்று எழுத ஒன்றுமில்லை. இவர் கையில் ஒரு பிலிம்கூடப் பழுதானதில்லை. கீழே கையெழுத்து, தேதி. தேதி இன்று. அவள் கடைசி வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள். நேற்று எழுதியிருந்தால் இது உண்மை. நேற்றுத் தேதியாவது போட்டிருக்கக் கூடாதா? அம்மா இரவு இதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், மைக்கு மேல் விரலை ஓட்டிப் பார்த்து, சாமி படத்திற்குக் கீழே வைப்பாள். நாளை கல்லூரியில் யாரோ ஒரு கோப்பில் துளை போட்டுச் சேர்ப்பார்கள். ஒருவேளை எல்லாம் நன்றாகவே இருக்கலாம். பாதிக்குப் பாதி. நாணயத்தைச் சுண்டினால் பாதி முறை தலைதானே விழுகிறது. இந்த இரண்டு பாட்டில்களில் எது முன்னால் இருந்தது, ஐஸ் போடும்போது எதை நகர்த்தினோம் என்று யோசித்தாள். கை நினைவில் வைத்திருக்கவில்லை. நன்றாக இருந்துவிட்டால் சார், மதுரைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், மூக்கைப் பற்றி, ரப்பர் பேண்டைப் பற்றி. நன்றாக இருந்துவிட்டால் சொல்வது எளிது. இதை யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தெரியாமலிருக்கும் காலம் முடிந்தது. மூடியைத் திருகித் திறந்து, அடியிலிருந்து இரண்டாவது சுருளை எடுத்து, நுனியைப் பிடித்து, பிலிமை உருவினாள். அது நீர் சொட்டச் சொட்டப் பிரிந்தது, கோடை மழைக்குப் பின் ஜன்னல் கண்ணாடி இருப்பதுபோலத் தெளிவாக, ஒரு மாசு மறு இல்லாமல். மற்ற நான்கையும் உருவினாள். ஐந்தும் கண்ணாடி. ஓரங்களைப் பார்த்தாள். பிலிமின் இரு ஓரங்களிலும் ஆலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்த எண்கள் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரைக்கும் கறுப்பாக வந்திருக்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் எடுத்த மடையன் சுருளில்கூட அவை வரும், அவையும் இல்லை என்றால் குற்றம் எடுத்தவருடையதல்ல, கழுவினவருடையது என்று சார் முதல் நாளில் சொன்னார். எண்கள் இல்லை. இதை அறிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் ரயில் நிலையத்திற்குப் பாதி வழியில் இருக்கிறார், இன்னும் ஒரு மாதத்திற்கு அவரால் எதையும் பார்க்க முடியாது. வெளியே இருக்கும் ஐவருக்கும் ஓரத்தில் எண் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. நீங்கள் சரியாக ஏற்றவில்லை, முதல்முறை எல்லாருக்கும் இப்படித்தான், வருத்தப்படாதீர்கள் என்றால் தலையாட்டுவார்கள். வேலாயுதம், மாமியார் தப்பித்தார் என்பார். இசக்கியும் நம்புவாள். நான்தான் சரியாக அமுக்கவில்லை என்று நம்புவாள். ஆயுள் முழுக்க நம்புவாள். பக்கத்தில் வெளிச்சக்குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அலசினாள். அலசுவதற்கு ஒன்றுமில்லாத பிலிம்களைப் பத்து நிமிடம் ஓடும் தண்ணீரில் முறைப்படி அலசினாள். பிறகு கூடத்தையொட்டிய நடையில் கட்டியிருந்த கயிற்றில், ஒவ்வொன்றின் தலையிலும் காலிலும் கிளிப் மாட்டி, ஐந்தையும் தொங்கவிட்டாள். ஆறாவதாக ஒரு கிளிப் மிச்சம் இருந்தது. உறையிலிருந்து தாளை எடுத்து அதில் மாட்டினாள். பக்கத்துப் பிலிமிலிருந்து ஒரு துளி தெறித்து, கடைசி வரியில் விழுந்து, பச்சை மை மெல்ல விரிந்தது. அவள் துடைக்கவில்லை. கூடத்துக் கதவைத் திறந்தாள். முதலில் ஓடி வந்தது இசக்கிதான். வரும்போதே கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கூந்தலிலிருந்து ரப்பர் பேண்டை உருவிக்கொண்டே வந்தாள்.

"யக்கா, இந்தா. ஒரு பாட்டில்ல ரெண்டு கெடந்துச்சு, ஒண்ணு எடுத்தேன். ஒங்களுக்கு வேணுமோ என்னமோன்னு." நீட்டியவள் கயிற்றைப் பார்த்தாள். "இதெல்லாம் என்னக்கா, புதுப் பிலிமா?"

"அதை நீயே வச்சுக்கோ. தலையக் கட்டிக்கோ." செண்பகவல்லியின் குரல் இரண்டாம் முறை சொல்லும் குரலாகவே இருந்தது, முகத்தைப் பார்த்துச் சொல்லும் குரல். "புதுசு இல்ல. ஒங்க பிலிம்தான். நான் மருந்த மாத்தி ஊத்திட்டேன் இசக்கி. நீ சரியாத்தான் எடுத்திருக்க. எல்லாமே வந்துதான் இருந்துச்சு. நான் அழிச்சுட்டேன்."

பின்னால் வந்தவர்களின் சிரிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. இசக்கி அருகில் வந்து இரண்டாவது பிலிமின் கீழ் நுனியைப் பிடித்து, ஜன்னலுக்கு எதிராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சுவரும் ஒரு பப்பாளி மரமும் அப்படியே தெரிந்திருக்கும். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கம்மா எந்த இடத்துலக்கா?"

ஓரத்தில் எண் இல்லை. ஆனால் ஓரம் நெடுக, படத்திற்கு எட்டாக, துளைகள் உண்டு, அவை மட்டும் மருந்தில் அழிவதில்லை. செண்பகவல்லி ஈரம் காயாத விரலைப் பிலிமின் தலைப்பில் வைத்து, முதல் துளையிலிருந்து எட்டு எட்டாக, வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.